அத்தை தேய்த்த சுவர்

மாமாவை ஐசியுவில் சேர்த்த எட்டாம் நாள் காலை, மாற்றுத்துணி எடுத்துவர ஏற்காட்டுக்குப் போனேன். முந்தின இரவுதான் அத்தையைக் கொஞ்சம் தூங்கட்டும் என்று வற்புறுத்தி மேலே அனுப்பியிருந்தோம். கதவைத் திறந்ததுமே ப்ளீச்சிங் பவுடர் நெடி கண்ணை எரித்தது. அத்தை படுக்கையறைத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, சுவரின் அடிப்பாகத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு கரைந்து முழங்கை வரை வழிந்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்து ஊறி, நகத்தோரம் வெடித்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. எப்போதிருந்து தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். விடிகாலை நாலு மணியிலிருந்து என்றார்.

“இந்தச் சுவத்தாலதான் கண்ணு எல்லாம். ஓதம் ஏறுது, பூச்சு வேலை பாக்கணும்னு மூணு வருஷமா சொல்லிட்டே இருந்தாரு. நான்தான் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

நுரையீரலில் பூஞ்சைத் தொற்று உறுதியாகிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் சொன்னது அதற்கு முந்தின நாள் சாயங்காலம். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர் ஒருவர், வராந்தாவிலேயே, அத்தை காதில் விழும்படி, “வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தா பூஞ்சை எப்படி வரும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அத்தை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

நான் சேலத்தில் ஐசியு நர்ஸ். 14 வருஷமாக இதே வேலை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு வராந்தாவில் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

ஏற்காட்டில் வளர்ந்தவர்களுக்குப் பூசணம் புதிதில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பீரோவில் தொங்கும் பெல்ட்டில் பச்சையாகப் படியும். செருப்பின் உள்பக்கம், போட்டோ சட்டத்தின் பின்னட்டை, சமையலறையில் மறந்துபோன ஆரஞ்சு, எல்லாவற்றிலும் வரும். நம் ஊரில் அதைப் ‘பூசணம் பூத்திருக்கு’ என்போம். பூக்கும் என்று சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் புரிந்தது. லேப்பில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, நீலச் சாயம் போட்ட ஸ்லைடை ஒருநாள் காட்டினாள். மெல்லிய காம்பு, அதன் உச்சியில் உருண்டையாக ஒரு தலை, தலையைச் சுற்றி வரிசை வரிசையாக மணிகள். அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு வித்து.

இதன் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ். 1729-இல் இந்தப் பெயரை வைத்தவர் பியர் அன்டோனியோ மிகேலி என்ற இத்தாலியர். அவர் பாதிரியார், தாவரவியல் அறிஞரும்கூட. பூசையில் தீர்த்தம் தெளிக்கப் பயன்படும் கருவியின் சாயல் அந்தத் தலையில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் லத்தீன் பெயரையே வைத்துவிட்டார். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். குருத்தோலை ஞாயிறன்று சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவது நினைவிருக்கிறது. ஒரு வீச்சுக்கு நூறு துளி. இந்தப் பூசணமும் அப்படித்தான் வித்தைத் தூவுகிறது.

ஒரு வித்தின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் முப்பது வித்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். மட்கும் இலை, குப்பைமேடு, வைக்கோல், காப்பித் தொலி, சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வாசலில் காயும் மரவள்ளித் திப்பி, புதிதாக இடித்த கட்டடம், எங்கே வேண்டுமானாலும் இருக்கும். ஒருநாளில் நூற்றுக்கணக்கில் இதை நாம் எல்லோருமே மூச்சில் இழுக்கிறோம். நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்திலும்தான். துடைத்து மெழுகிய வீட்டிலும் இருக்கிறது, மழை ஒழுகும் வீட்டிலும் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும். அத்தையின் சுவரில் ஓதம் இருந்தது உண்மைதான், அதில் கறுப்புப் புள்ளிகள் இருந்ததும் உண்மைதான். ஆனால் சுவரே இல்லாத வெட்டவெளியில் படுத்திருந்தாலும் மாமாவின் நெஞ்சுக்குள் வித்து போயிருக்கும்.

அப்படியானால் நமக்கெல்லாம் ஏன் ஒன்றும் ஆவதில்லை? மூச்சுக்குழாயின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் மேல்நோக்கி அசைந்து, உள்ளே வந்ததைச் சளியோடு சேர்த்து வெளியே தள்ளுகின்றன. அதையும் தாண்டிக் காற்றுப்பை வரை போகும் வித்தை, அங்கே காவலிருக்கும் செல்கள் விழுங்கிச் செரித்துவிடுகின்றன. தப்பித்து முளைவிட்டால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து கொல்கின்றன. தினமும் நடக்கும் வேலை, நமக்குத் தெரிவதேயில்லை.

மாமாவுக்கு வந்ததுபோன்ற கடுமையான இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல், இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு படியையும் உடைக்கிறது. வைரஸ் முதலில் தாக்குவது அந்த உள்தோலைத்தான். மயிரிழைகள் உதிர்ந்து, தோல் உரிந்து, அடியில் உள்ள சதை திறந்துகிடக்கிறது. வைரஸோடு போராடும் காவல் செல்கள் பூஞ்சையைக் கொல்லும் திறனை அந்தச் சில நாட்களுக்கு இழந்துவிடுகின்றன. அதற்குமேல் ஸ்டீராய்டும் கொடுத்தால் மிச்சம் இருக்கும் எதிர்ப்பும் தளர்ந்துபோகும். அப்போதுதான் அதே வித்து முளைத்து, நூலாக நீண்டு, திசுவைத் துளைத்து, ரத்தக் குழாய்க்குள் புகுகிறது.

2017-இல் நான் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். எச்1என்1 என்ற வகை ஃப்ளூ காய்ச்சல் பரவியிருந்த வருஷம். ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, முப்பது வயதுகூட நிறையவில்லை, நிமோனியாவோடு வந்தார். சர்க்கரை இல்லை, வேறு எந்த வியாதியும் இல்லை. வென்டிலேட்டரில் மூன்றாம் நாள் கொஞ்சம் தேறினார். ஐந்தாம் நாள் மறுபடி காய்ச்சல். ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், பிறகு இன்னொன்று சேர்த்தார்கள். சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடும்போது குழாயில் ரத்தக் கீற்று வருவதை நான்தான் சார்ட்டில் எழுதினேன். சளி கல்ச்சரில் பூஞ்சை வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ‘கன்டாமினேஷனாக இருக்கலாம்’ என்று பக்கத்தில் ஒரு வரி. காற்றிலிருந்து தட்டில் விழுந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பதினோராம் நாள் அவர் இறந்துபோனார். அவருடைய அம்மா, ஆட்டோவின் சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார்.

அந்த ரிப்போர்ட்டை அலட்சியப்படுத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலுக்குள் படர்வது என்றால் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், இவர்களுக்குத்தான் என்று எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்திருந்தார்கள். நல்ல உடம்புக்காரருக்கு வெறும் ஃப்ளூவில் இது வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷமே, 2018-இல், நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்திய ஒரு ஆய்வு வெளிவந்தது. எங்கள் டாக்டர் ஒருவர் வகுப்பெடுத்தபோது அதைச் சொன்னார். ஏழு ஐசியுக்களில், 2009 முதல் 2016 வரை கடுமையான இன்ஃப்ளூயன்சாவோடு சேர்ந்த 432 பேரை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 83 பேருக்கு, அதாவது 19 சதவீதம் பேருக்கு, நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் படர்ந்திருந்தது. எதிர்ப்பு சக்தி குன்றியவர்களில் 32 சதவீதம். அப்படி எந்தக் குறையும் இல்லாதவர்களில் 14 சதவீதம். இந்த 14-ஐக் கேட்டபோது எனக்கு ஆட்டோ சாவிதான் ஞாபகம் வந்தது. வேறு காரணத்தால் நிமோனியா வந்து ஐசியுவில் இருந்தவர்களில் இது வெறும் 5 சதவீதம். ஆக, கதவைத் திறந்துவிட்டது இன்ஃப்ளூயன்சாதான். பூஞ்சை சேர்ந்துகொண்டவர்களில் பாதிப்பேர், 51 சதவீதம், 90 நாட்களுக்குள் இறந்திருக்கிறார்கள். சேராதவர்களில் 28 சதவீதம்.

இன்னொரு எண்ணும் அதில் உண்டு. ஐசியுவில் சேர்ந்ததிலிருந்து பூஞ்சை கண்டுபிடிக்கப்படும் வரை ஆன நாட்களின் நடுமதிப்பு 3. பத்தாம் நாள் யோசித்தால் போதும் என்ற வியாதி இல்லை இது.

சரி, மாமாவுக்கு வருகிறேன்.

மாமா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. வயது 54. பீடி சிகரெட் தொட்டதில்லை, சர்க்கரையும் கிடையாது. நவம்பரில் பழம் பறிப்பு ஆரம்பித்த வாரம் உடம்புவலியும் காய்ச்சலும் வந்தது. தோட்டத்தில் பாதிப்பேருக்கு அதே காய்ச்சல். மூன்றாம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, சட்டென்று காய்ச்சல் விட்டதால் மறுநாள் களத்துக்கே போய்விட்டார். சீட்டைப் பிறகு பார்த்தேன், டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு ஊசி காய்ச்சலையும் வலியையும் ஒரு நாள் மறைத்துக் காட்டும். வைரஸ் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அந்த ஊசிதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நான் சொன்ன ஆய்வில், ஐசியுவுக்கு வருவதற்கு முந்தின நாட்களில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் பூஞ்சை கூடுதலாக வந்திருந்தது. காய்ச்சலுக்கு “சீக்கிரம் கேக்குற மாதிரி ஒரு ஊசி போடுங்க” என்று நாமே கேட்டு வாங்குகிறோம் இல்லையா, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இன்ஃப்ளூயன்சாவுக்கென்று மருந்து ஒன்று இருக்கிறது, ஓசல்டாமிவிர். முதல் 48 மணி நேரத்தில் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். மாமாவுக்கு அது கிடைத்தது ஆறாம் நாள்.

ஆறாம் நாள் விடியலில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தோட்டத்து ஜீப்பிலேயே இறக்கினார்கள். அடிவாரத்தில் நான் காத்திருந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கைப்பையில் வைத்திருந்த சின்ன மெஷினை விரலில் மாட்டினால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 78. நான் வேலை செய்யும் இடத்தில் பெட் இல்லாததால் வேறொரு ஆஸ்பத்திரி. மறுநாள் வென்டிலேட்டர். எச்1என்1 பாசிட்டிவ்.

ஐசியுவில் நான்காம் நாள் ஆக்ஸிஜன் தேவை 50 சதவீதம் வரை இறங்கியது. ஐந்தாம் நாள் காலை மறுபடி 80. புதிதாகக் காய்ச்சல். டியூட்டி நர்ஸ் சக்‌ஷன் போடும்போது கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் ஒரு சிவப்புக் கீற்று. அதே கீற்று.

சொந்தக்காரியாக வராந்தாவில் நிற்பவள் டாக்டரிடம் இதைப் பரிசோதியுங்கள் என்று சொல்வது சுலபம் இல்லை. அதுவும் வேறு ஆஸ்பத்திரி நர்ஸ். அரை மணி நேரம் தயங்கினேன். அப்புறம் போய், “சார், ஃப்ளூவுக்கு மேல பூஞ்சை சேர்ந்திருக்குமோன்னு பயமா இருக்கு. ப்ராங்கோஸ்கோப்பி பண்ணி கேலக்டோமேனன் டெஸ்டுக்கு அனுப்பிப் பாக்க முடியுங்களா?” என்றேன். ப்ராங்கோஸ்கோப்பி என்பது கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. அவர் கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். “80 சதவீத ஆக்ஸிஜன்ல ஸ்கோப் விட்டா இன்னும் இறங்கலாம்மா, தெரியும்தானே?” என்றார். தெரியும் என்றேன். மத்தியானமே செய்தார். அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் மாமாவின் மூச்சுக்குழாய். ரோஜா நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய சுவரில், காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததுபோல வெண்மஞ்சள் திட்டுகள். ஸ்கோப் முனை லேசாகப் பட்டதும் ஒரு திட்டு விளிம்பில் உரிந்து, அடியிலிருந்து ரத்தம் கசிந்தது. அந்த நிமிஷமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் சலைன் விட்டு, நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி, அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்று சாயங்காலமே வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஏறியது.

கேலக்டோமேனன் என்பது பூஞ்சையின் செல் சுவரில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள். பூஞ்சை வளரும்போது அது கசிந்து வெளியே வரும். ரத்தத்திலும் பார்க்கலாம், ஆனால் இந்த நோயாளிகளில் ரத்தப் பரிசோதனை பலரைத் தவறவிட்டுவிடும். ரத்தத்தில் இல்லை என்றால் பூஞ்சையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கழுவி எடுத்த தண்ணீரில் பார்ப்பதுதான் நம்பகம். அதில் 1.0 அல்லது அதற்குமேல் இருந்தால் பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளலாம் என்று 2020-இல் நிபுணர் குழு ஒன்று வரையறுத்திருக்கிறது. மாமாவுக்கு 4-ஐத் தாண்டியிருந்தது. வெளியூர் லேபுக்குப் போய் வர இரண்டு நாள் ஆனது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் தரும் கிட்டுகளும் இப்போது வந்துவிட்டன. எல்லா ஐசியுவிலும் அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முன்கூட்டியே எல்லோருக்கும் பூஞ்சை மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஐரோப்பாவில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2021-இல் வந்தது. பெரிய பலன் தெரியவில்லை. பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐசியுவில் நுழைந்த 48 மணி நேரத்துக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. தடுக்க நேரமே இல்லை. தேடிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் யாராவது ஃப்ளூவோடு ஐசியுவில் இருந்து, தேறிக்கொண்டு வந்தவர் திரும்பச் சரிந்தால், அல்லது தேறவே இல்லையென்றால், “பூஞ்சைக்குப் பார்த்தாச்சுங்களா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வராந்தாவில் எல்லோரும் பயந்தது கறுப்புப் பூஞ்சையை நினைத்து. 2021-இல் கொரோனாவோடு வந்து, கண்ணையும் தாடையையும் எடுக்க வைத்தது அது. அதற்கான ஆம்ஃபோடெரிசின் ஊசிக்கு ஊர் ஊராக அலைந்தவர்களை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஆனால் அது மியூக்கர், வேறு இனம். வோரிகோனசோல் அதைத் தொடாது. ‘பூஞ்சை’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பதால், எந்தப் பூஞ்சை என்று கேட்பது முக்கியம். இன்னொரு பயம், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா என்பது. ஃப்ளூ ஒட்டும். இது ஒட்டாது. பேரப்பிள்ளைகளை ஏற்காட்டு வீட்டுப் பக்கம் விடாதே என்று சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. வோரிகோனசோலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளைப் பயிர்களுக்கும் அடிக்கிறார்கள். வயலில் அந்த மருந்துக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ், மனிதருக்குள் வந்தபிறகு சிகிச்சைக்கும் கட்டுப்படுவதில்லை. நெதர்லாந்தில் இது பெரிய பிரச்சினை, இந்தியாவிலும் அப்படிப்பட்ட வகைகளைக் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் மிக அபாயகரமான முதல் வரிசையில் இருக்கிறது. மாமாவின் கல்ச்சரில் வளர்ந்ததும் அதுதான். நல்லவேளையாக, மருந்துக்குக் கட்டுப்படும் வகை.

அன்று காலை அத்தையின் கையிலிருந்து தேங்காய் நாரை வாங்கி வைத்துவிட்டு, வாசல் படியில் உட்கார வைத்தேன். விரல்களைக் கழுவி மருந்து போட்டேன். போட்டுக்கொண்டே, இங்கே எழுதியதையெல்லாம் சின்னச் சின்னதாகச் சொன்னேன். காற்றில் இருக்கிறது அத்தை, இதோ இப்போது நாம் மூச்சு விடுகிறோமே இதிலும் இருக்கிறது என்றேன். எதிரில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதற்கு அப்பால் பனி. அத்தை அந்தப் பனியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எனக்கும் உனக்கும் ஏன் வரல?” என்றார். எனக்கும் உங்களுக்கும் அந்தக் காய்ச்சல் அவ்வளவு கடுமையாக வரவில்லை அத்தை, அவ்வளவுதான் என்றேன். அழுதார். எட்டு நாளில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் அழுதார்.

மாமா 31-ஆம் நாள் வீட்டுக்குப் போனார். மாத்திரை மூன்று மாதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது பின்னால்தான் போட வேண்டும். அத்தை அடுப்படிச் சுவரில் நேரம் எழுதி ஒட்டினார். ஒரே அளவு மருந்து ஒருவர் ரத்தத்தில் குறைவாகவும் இன்னொருவர் ரத்தத்தில் அதிகமாகவும் நிற்கும் என்பதால் ரத்த அளவு இரண்டு தடவை பார்த்தார்கள். முதல் வாரங்களில், பல்பைச் சுற்றி ஒரு வளையம் மினுங்குவதாகச் சொல்லிக் கண்ணைக் கசக்குவார். அது மருந்தின் பக்க விளைவு, போகப்போகச் சரியானது. வெயில் பட்டால் தோல் சிவந்ததால் தொப்பி இல்லாமல் வெளியே விடவில்லை. மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. ஏரியைச் சுற்றி ஒரே மூச்சில் நடப்பவர், இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போகிறார். தோட்டத்தில் தொலி உலர்த்தும் களத்துப் பக்கம் போகாமல், எடை போடும் இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசியை வீட்டில் எல்லோருக்கும் நானே நினைவுபடுத்துகிறேன், மாமாவுக்கு முதல் ஆளாக.

போன மழையில் அத்தை போன் செய்தார். படுக்கையறைச் சுவரில், சுண்ணாம்பு தேய்ந்துபோன அதே இடத்தில், மறுபடி கறுப்பாகப் புள்ளி வந்திருக்கிறதாம்.

“தேய்க்கட்டுமா கண்ணு?”

“காஞ்சதா இருக்கும்போது தேய்க்காதீங்க அத்தை, தூளாப் பறக்கும். ஈரத்துணியால மெதுவாத் துடைங்க. துடைக்கிறப்ப மாமாவ வெளிய உக்கார வைங்க. அப்புறம் பூச்சு வேலைக்கு ஆள் சொல்லிடலாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் அத்தை.”